நீயெல்லாம் எனக்குத் தூசு!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு சண்டை பார்த்தேன். வெளியூர் நம்பர் போட்ட கார் ஒன்று ஓரம் கட்டியது. பின்னாலேயே பைக்கில் துரத்திக்கொண்டு வந்த இரண்டு புரோக்கர்கள் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். 'பட்டுச் சேலைங்களா மேடம்? நேரா தறிக்கே கூட்டிட்டுப் போறேன்' என்று இரண்டு பேரும் ஒரே வசனத்தை ஒரே நேரத்தில் சொல்ல, உள்ளே இருந்த குடும்பம் மிரண்டுபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. கிராக்கி போன ஆத்திரம். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். அப்போது சிவப்புச் சட்டைக்காரர் சொன்னார்: 'போடா டேய், நீயெல்லாம் எனக்கு தூசு!'

நாலு பேர் விலக்கிவிட்டார்கள். டீ வந்தது. சண்டை முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் அந்த 'தூசு' மனசைவிட்டுப் போகவில்லை. எந்த இடத்தில் நின்று எந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுகிறார் பாருங்கள்! முதுகுக்குப் பின்னால் பட்டு ஜவுளிக் கடை. அதே ரோட்டில் முத்தீஸ்வரர் கோயில். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழர் ஒருவர் அங்கே நின்றிருந்தால், 'எதற்கு இவன் அவனைத் துணி என்று சொல்கிறான்?' என்று குழம்பியிருப்பார்.

ஆமாம். தூசு என்றால் துணி. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய தமிழ் லெக்ஸிகனைப் புரட்டுங்கள். 1924-ல் தொடங்கி 1936-ல் ஆறு தொகுதிகளாக முடித்தார்கள். நூலகத்தில் யாரும் தொடாததால் நிஜமாகவே தூசு படிந்திருக்கும், துடைத்துவிட்டுப் புரட்டுங்கள். தூசுக்குப் பஞ்சு, ஆடை என்றெல்லாம் பொருள் இருக்கிறது. துணி வெளுப்பவருக்குத் தூசர் என்று ஒரு பெயர் நிகண்டுகளில் உண்டு. நாம் விளக்குமாறால் பெருக்கித் தள்ளுகிற வஸ்து, ஒரு காலத்தில் உடுத்திக்கொள்கிற வஸ்துவாகவும் இருந்திருக்கிறது.

இது தெரியாததால் ஒவ்வொரு மார்கழியும் ஒரு விபத்து நடக்கிறது. திருப்பாவையின் ஐந்தாவது பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாயனை மனசால் நினைத்து, வாயால் பாடி, பூப்போட்டுத் தொழுதால், செய்த பிழையும் இனி செய்யப்போகிற பிழையும் நெருப்பில் விழுந்த தூசு மாதிரி ஆகிவிடும் என்கிறாள் ஆண்டாள். உபன்யாசகர்கள் சிலர் இந்த இடத்தை 'டஸ்ட் மாதிரிப் பறந்துடும்' என்று ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் உதைக்கும். வாசலில் அள்ளிய புழுதியை அடுப்பில் போட்டுப் பாருங்கள். எரியாது. அடுப்புதான் அணையும். (மாவு மில்லில் பறக்கிற தூசு குபீரென்று பற்றும் என்று பௌதிகம் படித்த நண்பர் மடக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது மாவு மில் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.)

பழைய வழியில் உரை சொல்கிற பெரியவர்கள் இங்கே தூசு என்பதைப் பஞ்சு என்றே சொல்வார்கள். சாந்தோக்ய உபநிஷதத்திலும் இதே உவமை இருக்கிறது. நாணல் கதிரின் பஞ்சு தீயில் விழுந்தால் எப்படி எரியுமோ, அப்படிப் பாவங்கள் எரியும் என்று. பஞ்சு என்று வைத்தால்தான் பாட்டு நிற்கிறது. 'இருந்த சுவடே இல்லாமல், ஒரு நொடியில்' என்பதுதானே ஆண்டாள் சொல்ல வந்தது? டஸ்ட் என்று மொழிபெயர்த்த உடனே அந்த வேகம் போய்விட்டது. ஒரு சொல்லின் பழைய அர்த்தம் தொலைந்தால் ஒரு நல்ல உவமையும் கூடவே தொலைகிறது. இங்கிலீஷ் திருப்பாவை புஸ்தகங்களைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும், இப்போது வேண்டாம்.

காஞ்சிபுரத்துக்கே சொந்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. திருக்குறிப்புத் தொண்ட நாயனார். இந்த ஊரில் துணி வெளுத்தவர். சிவனடியார்களின் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதையே தொண்டாக வைத்துக்கொண்டவர். ஒரு பனிக்காலத்தில் மெலிந்த கிழவராக, அழுக்குக் கந்தையோடு வருகிறார் சிவபெருமான். 'குளிர் தாங்காது. சாயங்காலத்துக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதானால் எடுத்துக்கொள்' என்று கண்டிஷன் போடுகிறார். நாயனார் துவைத்துவிட்டார். பிறகு வந்தது மழை. விடவே இல்லை. பொழுது சாய்கிறது. சொன்ன சொல் போச்சே என்று துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். ஏகம்பனின் கை வந்து பிடித்துக்கொள்கிறது. முத்தீஸ்வரர் கோயிலை இந்த நாயனாரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இந்தக் கதையைச் சேக்கிழார் எழுதியிருக்கும் விதம் வேடிக்கையானது. மொத்தம் நூற்றுச் சொச்சம் பாட்டு. அதில் முக்கால்வாசிக்கு மேல் தொண்டை நாட்டுக்கும் காஞ்சிக்குமே போய்விடுகிறது. குன்றத்தூர்க்காரர் அல்லவா, சொந்த மண் பாசம்! நாயனார் வருவதற்குள் வாசகனுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் வந்த பிறகு ஒரு பாட்டில் தூசு, துகள், மாசு என்று மூன்று சொற்களைத் தோளோடு தோளாக நிறுத்துகிறார். இன்றைக்கு நமக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை. தூசு என்பது அடியாரின் ஆடை. துகளும் மாசும் அதில் ஒட்டிய அழுக்கு. ஆடையின் அழுக்கைக் கழுவுகிற சாக்கில் தன் பிறவி அழுக்கைக் கழுவிக்கொண்டார் என்று போகிறது பாட்டு. தூசு என்றால் இன்றைய தூசி என்று வைத்துப் படித்தால் அழுக்கிலிருந்து அழுக்கை எடுத்த கதையாகிவிடும்.

இதெல்லாம் தற்செயலா என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும். நான் படித்தது பி.காம். ஆனாலும் கண்ணில் படுவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துகில் என்றால் மெல்லிய துணி, துகள் என்றால் பொடி. நடுவில் ஓர் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் வித்தியாசம். தூளி என்றால் புழுதி. பாததூளி, கோதூளி எல்லாம் அந்தக் கணக்கு. அதே தூளியில்தான் குழந்தையையும் போட்டு ஆட்டுகிறோம். அம்மாவின் பழைய புடவையை உத்தரத்தில் கட்டினால் அதுவும் தூளி! வேர் வேறாக இருக்கலாம். காதுக்கு ஒன்றுதான். துணியையும் பொடியையும் தமிழ் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் குடிவைத்திருக்கிறது.

தமிழ் மட்டும் இல்லை. பஞ்சாலையில் வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசைச் சுவாசிக்கிற தொழிலாளிக்கு ஒரு நுரையீரல் நோய் வரும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். டாக்டர்கள் பிஸினோசிஸ் என்பார்கள். பிஸ்ஸோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிஸ்ஸோஸ் என்றால் உயர்ந்த ரக மெல்லிய துணி. அங்கேயும் உடுத்துகிறவருக்குத் துகில், நூற்கிறவருக்குத் தூசு.

ஆழ்வார்களில் ஒருவர் தன் பெயரையே பொடி என்று வைத்துக்கொண்டார். விப்ரநாராயணர் என்ற அசல் பெயரை விட்டுவிட்டுத் தொண்டரடிப்பொடி ஆனார். தூசாக இருப்பதைப் பெருமை என்று நினைத்த மனுஷர். உழவு அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் ப்ராக்டிகல். உழுத மண்ணை ஒரு பலம் கால் பலமாகச் சுண்டுகிறவரை காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். அங்கே புழுதி என்பது வெள்ளாமைக்கு முதலீடு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து விவசாயிகள் மழைக்கு முன்னாலேயே காய்ந்த நிலத்தில் நெல் விதைப்பதற்கு இன்றைக்கும் புழுதிக்கால் விதைப்பு என்றுதான் பெயர். பாலாற்றைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் போனால் தூசி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பஸ் போர்டைப் பார்த்தால் துடைக்கத் தோன்றும். படையின் முன்னணிக்குத் தூசி, தூசிப்படை என்று பெயர் உண்டு. பக்கத்து மாமண்டூரில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில்கள் இருப்பதால், பல்லவப் படையோடு இந்த ஊர்ப் பெயரை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, முதலில் போய் முதல் அடி வாங்குகிறவன் பெயர் தூசி.

இவ்வளவு கௌரவமாக இருந்த சொல்லை நாம் என்ன செய்திருக்கிறோம்? சினிமாவில் ஹீரோ வில்லனின் சட்டைக் காலரை ஊதிவிட்டு 'நீ எனக்கு தூசு' என்றால் தியேட்டரில் விசில். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு எந்தப் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தாலும் 'தூசு தட்டப்பட்டது'தான். நானே நூறு தடவை எழுதியிருப்பேன். கோர்ட் ஃபைலில் தூசு இருந்ததா, எந்த நிருபர் போய்ப் பார்த்தார்? யோசிக்க வேண்டாம், கை தானாக எழுதும். ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய ஒட்டடை கிடையாது. ஒருவரைத் திட்டுவதற்கும் மண்ணை வாரித்தான் தூற்றுகிறோம். களத்து மேட்டில் நெல்லைத் தூற்றினால் பதர் போய் மணி நிற்கும். மனுஷனைத் தூற்றினால் மணியும் சேர்ந்து போகிறது.

அதிர்ஷ்டசாலி என்று பார்த்தால் தூள் மட்டும்தான். அது எப்படியோ பிரமோஷன் வாங்கிவிட்டது. 'தூள் கிளப்பிட்டான்' என்றால் பாராட்டு. 2003-ல் தரணி இயக்கி விக்ரம் நடித்த படத்துக்குப் பெயரே அதுதான். டீக்கடையிலும் நாம் காசு கொடுத்துக் குடிப்பது டஸ்ட் டீ. இலை டீயைக் கொடுத்தால் 'என்னப்பா, ஸ்ட்ராங்கே இல்ல' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

மறுநாள் விடிகாலையில் பிள்ளையார்பாளையம் போனேன். இன்னமும் சில தெருக்களில் பாவு நீட்டுகிறார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரித்துவிடுகிறார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். 'பஸ்ஸு, ஸ்கூல் வேனெல்லாம் ஓட ஆரம்பிச்சா புழுதி ஏறிடும் சார். கஞ்சி ஈரத்துல தூசி ஒட்டுச்சுன்னா அப்புறம் தறியில இழை இழையா அறும்' என்றார் ஒரு பெரியவர். அவர் வீட்டுத் தறியில் பாதி நெய்த சேலை, ஒரு பழைய வேட்டியால் மூடிக் கிடந்தது. குழந்தைக்குப் போர்த்திவிட்ட மாதிரி.

நெசவு ஊரில் தூசுக்குக் கணக்கும் உண்டு. பி.காம். மூளைக்கு இது உடனே பிடிபட்டது. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையை எடை போட்டு வாங்குவார்கள். இடையில் குறைவதற்குச் சேதாரம் என்று கொஞ்சம் தள்ளுபடி. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள். பறந்து போன தூசுக்கும் நெய்தவர்தான் பொறுப்பு.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' இந்த எடைக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. சிறந்த படத்துக்கும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகராகவும் தேசிய விருது வாங்கிய படம். பார்க்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடுங்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி வேங்கடம், வேலை செய்யும் இடத்திலிருந்து தினமும் சில பட்டு இழைகளை வாயில் அடக்கிக்கொண்டு வருகிறான். தராசு முள்ளை ஆட்டாத அளவு. சேதாரக் கணக்குக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு. அப்படிச் சேர்த்து நெய்த துண்டுத் துணி, கடைசியில் இறந்துபோன மகளின் உடம்பின் மேல் விழுகிறது. முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம். கொஞ்சம் அதிகமாகவே அழவைக்கிற படம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் அந்த வாயில் அடக்கிய நூல் ஒன்று போதும். ஓர் ஊரின் பொருளாதாரத்தை அவ்வளவு சின்னப் பொருளில் யாரும் காட்டியதில்லை.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே வந்துவிட்டது. 1985-ல் இயற்றிய கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இருந்தும் பெரியவர் வீட்டில் இரண்டு தறி இருந்த இடத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. உடம்பும் பார்டரும் வேறு வேறு கலரில் சேர்கிற கோர்வைச் சேலைக்குக் கூட ஓர் ஆள் வேண்டும். மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். 'போவட்டும் சார். மாசமானா சம்பளம். பட்டு நெய்யறவன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க. நம்மள தூசியாத்தான பாக்கறாங்க' என்றார். காந்தி ரோட்டில் கேட்ட அதே சொல். இவர் கோபமாகச் சொல்லவில்லை. கை பாட்டுக்கு நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

விசைத்தறியில் ஓட்டியதையும் பாலியஸ்டர் கலந்ததையும் 'அசல் காஞ்சிபுரம்' என்று தள்ளிவிடுகிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். விசைத்தறி சமாசாரம் கண்ணுக்குப் பழகினால்தான் தெரியும் என்றார். பட்டா இல்லையா என்பதற்கு மட்டும் தறியில் தொங்கிக்கொண்டிருந்த இழையில் கொஞ்சம் அறுத்து, தீக்குச்சி கிழித்தார். இழை மெல்லச் சுருண்டு எரிந்தது. தலைமுடி கருகிய வாடை. தீயை எடுத்ததும் தானாக அணைந்தது. மிஞ்சிய கருப்பை இரண்டு விரலில் வைத்து நசுக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'இதான் பட்டு. பாலியஸ்டர்னா உருகி, கடுகாட்டம் கெட்டியா நிக்கும். எவ்ளோ நசுக்கினாலும் உடையாது.'

தீயில் போட்டால் தூசாகிறது! ஆண்டாள் பாட்டுக்குப் பெரியவர் ஒரு தீக்குச்சியில் உரை சொல்லிவிட்டார். அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த இழையைப் பிணைக்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு சேலை தீக்குப் போக இருந்தது. அம்மாவின் கல்யாணக் கூறைப்புடவை. அரக்குக் கலர், காஞ்சிபுரம்தான். மடிப்பு மடிப்பாக விட்டுப்போய், பிரித்தால் மடியில் சன்னமாகப் பொடி கொட்டும். தெருவில் 'பழைய பட்டுப் புடவை, ஜரிகை வாங்கறதே...' என்று கூவிக்கொண்டு போகிறவரைக் கூப்பிட்டேன். அவர்கள் இந்தப் புடவைகளை எரித்து, சாம்பலில் இருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். பழைய ஜரிகை என்பது பட்டு இழைமேல் சுற்றி, தங்க முலாம் பூசிய வெள்ளி. அவர் பார்டரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திண்ணையில் தராசை விரித்தார். புடவையைத் தட்டில் வைக்கும் முன்னால், எடை சரியாக வரட்டும் என்று இரண்டு தட்டுத் தட்டினார். பொடி பறந்தது.

அம்மா எழுந்து வந்து புடவையைக் கையில் வாங்கிக்கொண்டாள். 'தட்டாதப்பா' என்றாள்.

அவர் ஐந்நூறு ரூபாய் சேர்த்துச் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை. மடிப்பு மாற்றி மடித்துக்கொண்டிருந்தாள். 'மனசு மாறினா சொல்லி அனுப்புங்கம்மா, இந்தத் தெருப் பக்கம் வாராவாரம் வருவேன்' என்று தராசைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாராவாரம் வருகிறார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறார்.